ஏழாம் பெஞ்சில் எடுத்த அளவுகள்

இது என் அக்காவுக்கு நடந்தது. யாரோ யாரிடமோ கேட்டு வந்து எனக்குச் சொன்னதல்ல. அன்று மாலை அவள் வீட்டுக்குள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தபோது எதிரே இருந்தவள் நான். இட்டுக்கட்டிப் பேச அவளுக்கு வராது. பேய்ப் படம் ஓடினால் பாதியில் கொட்டாவி விட்டுத் தூங்கிப்போகிற ரகம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அப்போது அவள் மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு. காய்ச்சலில் பதினொரு நாள் படுத்ததில் மெஷின்ஸ் லேபில் ஒரு சோதனை விட்டுப்போயிருந்தது. மோட்டாரை ஓடவிட்டு, சக்கரத்தைச் சுற்றிய பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிச் சுமை ஏற்றி, ஒவ்வொரு சுமைக்கும் அளவு எடுக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் ரெக்கார்டில் கையெழுத்து விழாவிட்டால் தேர்வு எழுத முடியாது. ஒரு வருஷம் வீண். அவள் கெஞ்சிய கெஞ்சலில் லேப் அட்டெண்டர் மனம் இறங்கி, சனிக்கிழமை மத்தியானம் கதவைத் திறந்துவிட்டார்.

"மூணாம் பெஞ்சுல உக்காரும்மா. ஸ்டோர்ல போய் ஃப்யூஸ் எடுத்துட்டு வந்துடறேன். ஒத்தை ஆளா எதையும் தொடக் கூடாது. தெரியுதா?"

"தொட மாட்டேன் அண்ணா."

அவர் போனார். அக்கா நோட்டைத் திறந்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பக்கத்தின் மேலே நேரம் எழுதினாள். 2:10.

"இங்க ரெடியா இருக்கு."

குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பினாள். கடைசி வரிசை, ஏழாம் பெஞ்ச். சுவரில் இருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியில் கை வைத்தபடி ஒரு பையன் நின்றிருந்தான். காக்கி லேப் கோட்டு. சீனியராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அட்டெண்டர் அண்ணா அனுப்பினாரா?"

"ம்."

போய்ப் பார்த்தாள். ஒயர்கள், மீட்டர்கள் எல்லாம் மாட்டித் தயாராக இருந்தன. அரை மணி நேர வேலை குறைந்தது. அவளுக்குப் பரம சந்தோஷம்.

"நீ பெல்ட்டைப் பாரு. நான் சுவிட்ச்ல நிக்கறேன். மீட்டர் படிச்சு சொல்றேன்."

கைப்பிடியை மேலே தள்ளினான். டக். மோட்டார் சுற்றத் தொடங்கியது.

"மூணு புள்ளி ஆறு," என்றான். எழுதினாள். பெல்ட்டை இறுக்கினாள். "நாலு புள்ளி ஒண்ணு." எழுதினாள்.

மூன்றாவது அளவில்தான் முதல் உறுத்தல். ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் அது. ஓடினால் தரை அதிரும், உள்ளங்காலில் தெரியும். இங்கே ஒன்றும் தெரியவில்லை. சக்கரம் சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிறது. சத்தம் மட்டும் எங்கோ பக்கத்து அறையில் கேட்பதுபோல...

காய்ச்சல் காதை அடைத்திருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"நாலு புள்ளி எட்டு."

எழுதிவிட்டுத்தான் கவனித்தாள். அவள் இன்னும் பெல்ட்டை இறுக்கவே இல்லை. மீட்டரில் முள் 4.1-லேயே நின்றது.

மெதுவாக இறுக்கினாள். முள் நகர்ந்தது. 4.8-ல் வந்து நின்றது.

நிமிர்ந்து பார்த்தாள். மீட்டர்கள் மேஜைமேல். அவன் நிற்பது ஆறேழு அடி தள்ளி, சுவரைப் பார்த்தபடி. கை கைப்பிடியிலேயே. அங்கிருந்து முள் தெரிய வாய்ப்பே இல்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியுது?"

அவன் திரும்பவில்லை.

"அஞ்சு புள்ளி ஏழு."

அவள் கை தானாக எழுதியது. தானாக இறுக்கியது. சூடு ஆற்றச் சக்கரத்தில் ஊற்றிய தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள். இந்நேரம் கொதித்திருக்க வேண்டும். ஜில்லென்று இருந்தது.

கைக்கடிகாரத்தில் 2:48. சுமையைக் குறைக்கப் பெல்ட்டைத் தளர்த்தியதும் வாட்மீட்டரின் முள் பூஜ்யத்துக்குக் கீழே போய் முட்டிக்கொண்டது. இந்தச் சோதனையில் அது சகஜம். சுவிட்சை ஆஃப் செய்து, இரண்டு ஒயர்களை இடம் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

"ஆஃப் பண்ணுங்க."

டக்.

கைப்பிடி கீழே இறங்கியதை அவள் கண்ணால் பார்த்தாள். மோட்டார் தளர்ந்து... தளர்ந்து... நின்றது.

"ஆஃப் பண்ணிட்டேன்," என்றான்.

ஒயரை நோக்கிக் கையை நீட்டினாள். விரலுக்கும் முனைக்கும் நடுவே அரை அங்குலம். என்ன தோன்றியதோ, கையை இழுத்துக்கொண்டு பையிலிருந்து, கரண்ட் இருந்தால் எரிகிற டெஸ்டரை எடுத்து முனையில் வைத்தாள்.

டெஸ்டர் எரிந்தது.

"ஆஃப் பண்ணிட்டேன்."

அடுத்த முனை. எரிந்தது.

"லைன் இருக்கு..." என்றாள்.

"நான் ஆஃப் பண்ணிட்டேன்."

அழுகிற குரல்.

மோட்டார் நின்றிருந்தது. கைப்பிடி கீழே. டெஸ்டர் எரிந்துகொண்டே...

"பண்ணிட்டேன்... நான் பண்ணிட்டேன்..."

அவன் திரும்ப ஆரம்பித்தான்.

முகத்தை அவள் பார்க்கவில்லை.

ஓடினாள்.

வாசலில் அட்டெண்டர்மேல் மோதிக்கொண்டாள். அவர் கையிலிருந்த ஃப்யூஸ் கீழே விழுந்து உடைந்தது.

"எங்கண்ணா போனீங்க இவ்வளவு நேரம்?"

"இப்பதானேம்மா போனேன்?"

வராந்தாக் கடிகாரத்தில் 2:16. அவள் கைக்கடிகாரத்திலும் 2:16.

அவர் உள்ளே போய்ப் பார்த்தார். அவளும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு போனாள். ஏழாம் பெஞ்சில் ஒரு மீட்டரும் இல்லை. ஒயரும் இல்லை. மோட்டார்மேல் விரற்கடைத் தூசி. அட்டெண்டர் சுவிட்ச் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே காலி. சுவரிலிருந்து வந்த கேபிளை யாரோ அடியோடு வெட்டி டேப் சுற்றியிருந்தார்கள்.

"இந்தப் பெஞ்சுக்கு லைன் குடுத்து ஒன்பது வருஷம் ஆச்சும்மா."

நோட்டை நீட்டினாள். அவள் கையெழுத்தில் வரிசையாக அளவுகள். அவர் வாங்கவே இல்லை. தூர நின்று பார்த்துவிட்டு லேபைப் பூட்டினார்.

புதன்கிழமை வேறு இரண்டு மாணவிகளோடு மூன்றாம் பெஞ்சில் சோதனையை முடித்தாள். ஆசிரியர் சலுகை கொடுத்துத் தாமதமாகக் கையெழுத்துப் போட்டார். தேர்வும் எழுதினாள். தேறினாள். விஷயம் தெரிந்தது கல்லூரியின் கடைசி நாளில். சொல்லிக்கொள்ளப் போனவளை அட்டெண்டர் மரத்தடிக்கு அழைத்துப் போனார்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அந்தப் பெஞ்சில் இரண்டு மாணவர்கள். ஒருவன் சுவிட்சில். ஒருவன் மோட்டாரில். "ஆஃப் பண்ணிட்டேன்" என்ற குரலை நம்பி ஒயரில் கை வைத்தவன் அங்கேயே போய்விட்டான். சுவிட்சில் நின்றவனை ஊரே கொலைகாரன் என்றது. அடுத்த மூன்று நாளும் அவன் அந்த ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். நாலாம் நாள் ஹாஸ்டலில் அவன் அறைக் கதவை உடைத்துத்தான் திறந்தார்கள்.

"பொய் சொல்லியிருக்கானா அண்ணா?" என்று அக்கா கேட்டாள்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சத்தம் கேட்டு முதல்ல உள்ள ஓடினது நான்தாம்மா. கைப்பிடி கீழதான் இருந்துச்சு. ஆஃப்லதான் இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"விசாரணையில சொன்னீங்களா?"

"சொல்லல."

"ஏன்?"

"அப்போ கரண்ட் எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்களே..." என்றார். "நான் என்னன்னும்மா சொல்றது?"