குணவதி ஊற்றிய தண்ணீர்

வெண்கலம் என்றால் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். குணவதிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். திருத்தணிக்குப் பக்கத்து ஊரில், நிலக்காரர் வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்து முப்பது வருஷம் அப்படித்தான் தேய்த்தாள். குத்துவிளக்கும் பானைகளும் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும். ஆனால் உள்ளே எடுத்துப் போகும் முன், அந்த வீட்டம்மாள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவாள். குணவதி தொட்ட தீட்டு அதில் போய்விடுமாம். அவள் உழைப்பு மட்டும் உள்ளே போகலாம். குணவதி தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள்.

இந்த ஏப்ரலில் அவள் தெருமுனையில் அம்பேத்கருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். திறப்பு விழாவன்று விடிந்ததும், மாலை போட நிறுத்தியிருந்த ஏணியில் யாரையும் கேட்காமல் ஏறி, சிலையின் முகத்தையும் நீட்டிய கையையும் புளியால் தேய்த்துவிட்டாள். சிற்பி பார்த்துப் பார்த்து ஏற்றிய பழுப்பு நிறம் பாதி போய், மஞ்சள் திட்டுத்திட்டாக மின்னியது.

சிலை வைத்த சங்கத்தின் செயலாளர் மதியழகன் ஓடி வந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இன்னா அத்தை பண்ணிக்கினு கீற? கலரே போச்சே!"

ஒட்டியிருந்த புளியைக் கழுவ அவன் வாளித் தண்ணீரைத் தூக்கினான். குணவதி மளமளவென்று இறங்கி வந்து வாளியைப் பிடுங்கினாள். அறுபத்தைந்து வயதில் அவள் குரல் தெருவுக்கே கேட்டது அன்றுதான்.

"நான் தேச்சது மேல இன்னொருத்தர் தண்ணி ஊத்தக் கூடாது. நானே ஊத்துறேன்."