செம்மண்ணுக்கு அடியில்

கள்ளிக்குப்பத்தில் எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் சுவரோரமாகக் கொஞ்சம் இடம் கிடக்கிறது. அதில் புதினாவும் கொத்தமல்லியும் போட்டிருந்தேன். பூச்சிமருந்து கிடையாது, கடை உரம் கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லியே மொத்தக் குடியிருப்பின் உயிரையும் வாங்கியிருக்கிறேன்.

மேல் வீட்டு அக்காவுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. எதைச் சாப்பிட்டாலும் குமட்டல். என் புதினாத் துவையல் மட்டும்தான் தொண்டையில் இறங்கியது. கிருமி தொற்றினால் ஆபத்து, கண்ட இடத்துக் கீரை வேண்டாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். "கண்ட இடமா? என் கையால வளர்த்ததுக்கா" என்று வாரம் தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். நோயாளியிடமிருந்து எடுத்த கிருமியைத் தட்டில் வளர்த்து, மேலே ஆன்டிபயாடிக் தோய்த்த சின்ன வட்டக் காகிதங்களை வைப்போம். மருந்து வேலை செய்யும் என்றால் காகிதத்தைச் சுற்றிக் கிருமி வளராது. வேலை குறைவாக இருந்த ஒரு மதியம், பெருமை பீற்றிக்கொள்ளத்தான், என் பாத்தி மண்ணைக் கரைத்து ஒரு தட்டில் பூசினேன். மறுநாள் பார்த்தால் மூன்று காகிதங்களின் விளிம்புவரை கிருமி ஏறி நின்றது. மருந்தே காணாத மண்ணில்!

எங்கள் மேலதிகாரி அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாதாரண மண்ணுலயும் இப்படிச் சிலது இருக்கும். ஆனா இவ்வளவுன்னா, உலோகம் ஏதாவது கலந்திருக்கா பாரு. நிக்கல், செம்பு இதையெல்லாம் தாங்கப் பழகின கிருமி, அதை வெளியே தள்ளுற வழியிலயே சில மருந்தையும் தள்ளிடும். அந்தக் குணத்தைப் பக்கத்துக் கிருமிக்கும் குடுத்துடும். மண்ணு எங்கேருந்து வந்துச்சு?"

வீட்டுக்கு வந்ததும் மண்வெட்டியை எடுத்தேன். ஒரு சாண் ஆழம்வரைதான் செம்மண். அதற்குக் கீழே கன்னங்கரேலென்று, இடையிடையே பச்சை பூத்த கட்டிகள்.

மண் கொண்டுவந்து கொட்டியவர் தெருமுனையில் மினி லாரி வைத்திருப்பவர். நாங்கள் இங்கே குடிவந்தபோது சாமான் ஏற்றி வந்தவரும் அவரே. என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். செங்குன்றத்து மண் என்று சொல்லிக் கொட்டினார், நானும் தலையாட்டினேன். டீக்கடையில் பிடித்துக் கேட்டேன்.

"மேல செம்மண்ணு தானே கீது? இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல நிக்கல் முலாம் பூசற பிளேட்டிங் பட்டறை ஒண்ணு இடிச்சாங்கோ. அந்த மண்ண எங்க கொட்றதுன்னு தெரியாம சுத்திகினு இருந்தேன். நீதான் மண்ணு கேட்ட."

"கீரை போடத்தான்னு சொன்னேனே அண்ணே!"

"செடி நல்லாதானே வந்துகினு கீது? அப்புறம் இன்னா தங்கச்சி?"

அண்ணே என்று கூப்பிட்ட என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. தெரியாமல் செய்தவர் இல்லை. மேலே செம்மண்ணைப் பரப்பி மூடத் தெரிந்திருக்கிறது. அன்றே பாத்தி முழுவதையும் பிடுங்கி எறிந்தேன்.

அக்காவிடம், "பூச்சி விழுந்துடுச்சுக்கா, செடியெல்லாம் போச்சு" என்றேன். உடம்பு தேறட்டும், இப்போது ஏன் பயமுறுத்த வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம். இரண்டு வாரம் கழித்து, தாங்க முடியாமல் மாடியேறிப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். லாரிக்காரர் செய்த துரோகத்தைத்தான் நீட்டி முழக்கினேன். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"ரெண்டு வாரம் ஆச்சுக்கா."

சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்குப் போய் ஒரு பாட்டிலோடு வந்தார். அடியில் ஒரு ஸ்பூன் அளவுக்குப் பச்சைப் பொடி.

"நீ குடுத்ததுல மிஞ்சினதைக் காயவெச்சுப் பொடி பண்ணியிருந்தேன். செடி போச்சுன்னு சொன்னியே, அதான் தினம் கொஞ்சமா சோத்துல போட்டுக்கிட்டேன். காலையில கூட."

நான் அந்த ஆளைத் திட்ட மறுபடி வாயெடுத்தேன்.

"அவனுக்கு என்னைத் தெரியாது" என்றார் அக்கா.