யோகம் டீச்சரின் குடைக் கணக்கு

போன வாரம் பல்வலிக்காகக் கூடலூரில் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதில் ஏழெட்டுக் குடைகள் சொட்டிக்கொண்டிருந்தன. அந்த ஈரத்துணி வாடை இருக்கிறதே, அது மூக்கில் ஏறியதும் பல்வலி மறந்துபோய் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. சிரிக்காதீர்கள். ஈரக் குடையைப் பார்த்தால் சிலருக்கு ஜலதோஷம் ஞாபகம் வரும், சிலருக்குக் காதல் ஞாபகம் வரும். எனக்குப் பொறாமை வரும். அதுவும் இருபது வருஷத்துக்கு மேல் பழசான பொறாமை.

அப்போது தேவாலாவுக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். தற்காலிக வேலைதான். குன்னூர்க்காரிக்குக் குளிர் தெரியும், அந்த மழை தெரியாது. ஜூனில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போக மனசில்லாத விருந்தாளி மாதிரி மழை. துவைத்தது எதுவும் காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்த யூனிபாரத்தில் பிள்ளைகள் வருவார்கள், வகுப்பு முழுக்கப் புகை வாசம் அடிக்கும். என் சேலையும் அப்படித்தான். லீவுக்கு வீட்டுக்குப் போனால் அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு, "ஏங்கண்ணு, நீ டீச்சர் வேலைக்குப் போறயா, கல்யாண ஊட்டுக்குச் சமைக்கப் போறயா?" என்பாள்.

எட்டாம் வகுப்பில் இரண்டு பிரிவு. ஒன்று எனக்கு, இன்னொன்று யோகத்துக்கு. யோகேஸ்வரி என்று முழுசாக யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவளுக்கும் என் வயசுதான், அவளும் தற்காலிகம்தான். அவளுடைய அப்பா அம்மா சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். பிள்ளைகள் குடியிருந்த அதே லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில்தான், அவள் வீடும். நான் எம்.எஸ்ஸி., அவள் பி.எஸ்ஸி. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது. தபால்காரரைக்கூட விட்டுவைக்கவில்லை.

இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் நான் நாலு கலர் சாக்பீஸில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் சிரிப்பு. கணக்கு வகுப்பில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? மதியம் பிள்ளைகளிடமிருந்து அவளுக்குக் கொய்யாக்காய் வரும், உப்பும் மிளகாய்த்தூளும் தடவி. "எடுத்துக்குங்க டீச்சர்" என்று எனக்கும் நீட்டுவாள். நான் வேண்டாம் என்பேன். நாக்கில் எச்சில் ஊறிக்கொண்டிருக்கும், ஆனாலும் வேண்டாம். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் வகுப்புப் பிள்ளைகளே சந்தேகம் கேட்க அவளிடம் போனார்கள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த ஜூலையில் தலைமையாசிரியை எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஒரே ஒரு இடம் நிரந்தரமாகிறது. தாளாளர் நேரில் வந்து இரண்டு வகுப்பிலும் உட்கார்ந்து பார்ப்பார், யாரை வைத்துக்கொள்வது என்று அன்றைக்கே சொல்லிவிடுவார். பாடத்தையும் அவர்களே கொடுத்தார்கள். பல்லுறுப்புக் கோவையில் மீப்பெரு பொதுக் காரணியை வெளியே எடுப்பது.

பெயரைக் கேட்டு ஓடிவிடாதீர்கள், சின்ன விஷயம்தான். 6x² + 9x என்று இருந்தால், இரண்டு உறுப்பிலும் பொதுவாக இருப்பதில் ஆகப் பெரியதைப் பிடித்து வெளியே எழுதிவிட்டு, மிச்சத்தை அடைப்புக்குறிக்குள் போடவேண்டும். 3x(2x + 3). செய்துகாட்ட அரை நிமிஷம் போதும். ஏன் அப்படிச் செய்யவேண்டும் என்று பதின்மூன்று வயசுப் பிள்ளைக்குப் புரியவைக்கத்தான் எனக்கு வழி தெரியவில்லை. ராத்திரி பகலாக உட்கார்ந்து நாலு சார்ட் எழுதினேன். எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது.

முந்தின நாள் யோகம் தன் வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்திப் பார்த்தாள். நான் என் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு, நாற்காலியைத் தடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எல்லாரும் குடையோடதான வந்தீங்க? உள்ள வரும்போது என்னா செஞ்சீங்க?" என்றாள்.

"வெளிய வச்சோம் டீச்சர்!"

"ஏன், ஆளுக்கொரு ஈரக்குடைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்தா என்னாவாம்?"

ஒரே சிரிப்பு.

"எல்லாருகிட்டயும் இருக்குறத ஒரே எடமா வாசல்ல வச்சாச்சு. மிச்சத்தோட உள்ள வந்தாச்சு. இப்ப போர்டப் பாருங்க. இந்த அடைப்புக்குறிதான் நம்ம கதவு."

அந்த நேரம் பார்த்துத் தகரக் கூரைமேல் மழை கொட்டியது. மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டவரைக்குமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு சார்ட் எழுதியவள் நான். இவள் வாசலில் கிடந்த குடையைக் காட்டி முடித்துவிட்டாளே! இது எனக்கு ஏன் தோன்றவில்லை? எம்.எஸ்ஸி. படித்து என்ன பிரயோஜனம்?

மறுநாள் தாளாளர் முதலில் வந்தது என் வகுப்புக்கு. சார்ட்டைத் தொடவில்லை நான். "எல்லாரும் குடையோடதான வந்தீங்க?" என்று ஆரம்பித்தேன். அவள் கேள்வி, அவள் கதவு, அவள் நிறுத்திய இடத்தில்கூட நிறுத்தினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். தாளாளரும் சிரித்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பையன், "டீச்சர், இது நீங்க நேத்துச் சொன்னது..." என்று ஆரம்பித்ததும், யோகம் "உஷ்" என்று அடக்கியதும் எனக்கு நன்றாகக் கேட்டது.

அடுத்து 5x² + 5x போட்டேன். முதல் உறுப்பு குடையும் பையுமாக வந்த பிள்ளை, இரண்டாவது குடை மட்டும் கொண்டுவந்த பிள்ளை. சரஸ்வதி என்று ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், ரெண்டாவதுகிட்ட இருந்ததே குடை மட்டுந்தான். அதையும் வெளிய வச்சிட்டா உள்ள சைபர்தான?"

அங்கே 1 வரும் என்பது எனக்குத் தெரியாதா என்ன. ஆனால் குடைக் கதையில் அந்த 1 எங்கிருந்து வரும்? அந்தப் பாதி மழையோடு போய்விட்டதே. "அதுதான் ரூல் கண்ணு. ஒண்ணு போடோணும். எழுதிட்டு உக்காரு" என்று அதட்டினேன். தாளாளர் அதைக் கண்டிப்பு என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது, திருப்தியாகத் தலையாட்டினார்.

பிறகு அவள் வகுப்பு. யோகம் குடையைத் தொடவே இல்லை. தொட்டால், பக்கத்து வகுப்பைப் பார்த்துக் காப்பியடித்தவள் என்றுதான் பெயர் வரும். புத்தகத்தில் இருந்ததை அப்படியே போர்டில் எழுதினாள். அந்தப் பீரியட் முழுக்க அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வரவில்லை. நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், எனக்கு அது இதமாக இருந்தது.

சாயங்காலம் வேலை எனக்கு என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது யோகம் வந்தாள். சண்டைதான் என்று நினைத்து, என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"நீங்க பாதிதான் கேட்டிருக்கீங்க டீச்சர்" என்றாள். "குடைய வெளிய வச்சிட்டாலும் ஆளு உள்ள வந்து நிக்கிதில்ல? அந்த ஆளுதான் ஒண்ணு. சரஸ்வதிகிட்ட நாளைக்குச் சொல்லிருங்க. இல்லாட்டி அது அதையே நெனச்சுக்கிட்டிருக்கும்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை திட்டிக் கணக்கை முடித்திருப்பேன். கேளுங்கள், அதற்கும் பொறாமைப்பட்டேன். திருடியவளிடம் மிச்சத்தையும் கொடுத்துவிட்டுப் போகிற மனசு இவளுக்கு எப்படி வாய்த்தது, எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று. அந்த வருஷக் கடைசியில் அவள் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். நான் ஒவ்வொரு வருஷமும் குடைப் பாடத்தை நடத்தினேன், உள்ளே வந்து நிற்கிற அந்த ஆளையும் சேர்த்து முழுசாக.

போன ஏப்ரலில் அந்தப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பிள்ளைகள் இல்லை. லயத்தில் பாதி வீடு பூட்டிக்கிடக்கிறது, மிச்ச வீட்டுப் பிள்ளைகளை வேன் வந்து கூடலூருக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. கடைசியாக ஒரு விழா வைத்தார்கள். யோகம் இருந்த காலத்துப் பிள்ளைகள் ஒருத்தரும் வரவில்லை, எல்லோரும் திருப்பூர், கோயம்புத்தூர் என்று சிதறிவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் அவளுக்குப் பின்னால் படித்தவர்கள். கவிதா என்ற பெண், இப்போது அவளும் கணக்கு டீச்சர், மைக்கைப் பிடித்து, "எங்க டீச்சர் கண்டுபிடிச்ச குடைக் கணக்கைத்தான் நானும் சொல்லிக்குடுக்கறேங்க" என்றாள். கூட்டம் கைதட்டியது. அவளுக்கு முன்னால் பேசியவர்களும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். நானாக யோசித்து நடத்திய எத்தனையோ பாடம், ஒன்றைக்கூட ஒருத்தரும் சொல்லவில்லை.

என் முறை வந்தது. என்ன தோன்றியதோ, "அது என்னோடது இல்லீங்க. யோகம் டீச்சரோடது. நான் ஒட்டுக்கேட்டு எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். தன்னடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

கீழே இறங்கியதும் கவிதா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருங்க டீச்சர், யோகம் டீச்சர்? நாங்க கேள்விப்பட்டதே இல்லைங்களே?"

சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. அவள் பெயர் தெரிந்தவள் அந்த இடத்தில் நான் ஒருத்திதான். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்தச் சிரிப்பு வராத பீரியடில் இருந்த மாதிரியே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.