மரகதத்தின் கடற்பஞ்சுகள் எங்கேயும் போகாது

மரகதம் போய்விட்டாள் என்று காலையில் செய்தி வந்தது. தட்டில் இட்லி ஆறுவதற்குள் அதே ஆய்வகத்திலிருந்து அடுத்த செய்தி: அவளுடைய ஃப்ரீசரைத் திங்கட்கிழமை காலி செய்யப் போகிறார்களாம். அழக்கூட அவகாசம் தராத அலுவலகம்! அவளோடு வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் மாமாவாகிய நான், அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற உடம்பைத் தூக்கிக்கொண்டு போருக்குப் புறப்பட்டேன்.

கொள்ளேகால்காரி. கடலே இல்லாத மைசூரில் உட்கார்ந்து, பாறையில் ஒட்டியே வாழும் கடற்பஞ்சு என்ற பிராணியிலிருந்து கிருமிக்கொல்லி பிரித்தெடுப்பேன் என்றவள். ராமேஸ்வரம் பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் அவை வந்து இறங்கிய அன்று கிளம்பிய நாற்றத்தில், சாமுண்டி மலையே மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளி உட்கார்ந்தது.

“ஏம்மா, இந்த அழுக்கு மூட்டையா மருந்து தரப்போகுது?” என்றேன்.

“அதுக்குக் காலு இல்லீங்க மாமா, பல்லு இல்லை, மேல ஓடும் இல்லை. ஆனா ஒரு மீனு வாயை வைக்கட்டும், பாக்கலாம்! ஓட முடியாதது உள்ளுக்குள்ள ஏதாச்சும் வச்சிருக்குமுங்க.”

அந்த ‘ஏதாச்சும்’ ஒருநாள் கண்ணாடித் தட்டில் முகம் காட்டியது. வழக்கமான மருந்துகளுக்கு அசையாத கிருமி, அவள் கடற்பஞ்சுச் சாற்றைச் சொட்டு வைத்த இடத்தைச் சுற்றி வட்டமாக அழிந்திருந்தது. அந்த வட்டம் எனக்குப் பௌர்ணமி நிலவாகத் தெரிந்தது. துறைத் தலைவருக்கு நாளிதழின் முதல் பக்கமாகத் தெரிந்தது. நிருபர்களைக் கூப்பிட்டார். மரகதம் இன்னொரு தட்டையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“பேடா மேடம், அது இப்ப வேண்டாம்,” என்று கன்னடத்திலும் தமிழிலும் கெஞ்சினார் தலைவர்.

“கிருமியையும் கொல்லுது, நம்ம ரத்த அணுவையும் உடைக்குதுங்க. ரெண்டு குணத்தையும் பிரிக்கிற வரைக்கும் இது மருந்து இல்லை, விஷம்.”

நிருபர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். அதன்பின் அவளுக்கு உதவிக்கு ஆளும் கிடைக்கவில்லை, ஒரு நல்ல வார்த்தையும் கிடைக்கவில்லை. பிரிக்கிற வேலையை மட்டும் அவள் விடவே இல்லை. முடிக்காத மீதி முழுக்க அந்த ஃப்ரீசருக்குள் இருக்கிறது.

“அவங்களே போயிட்டாங்க. இனி இதை யாரு சார் செய்வாங்க?” என்றார் தலைவர்.

யாராவது வருவார்கள். வரும்வரை குளிர் குறையக் கூடாது. அதனால் ஃப்ரீசருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எனக்குப் பதவி இல்லை. பல் பாதி இல்லை. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடவும் முடியாது. மரகதத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இந்த உட்காருதல் ஒன்றைத்தான்.

திங்கட்கிழமை எவராவது அந்தப் பிளக்கில் கையை வைக்கட்டும், பார்க்கலாம்.