மூன்று நிமிடப் பெட்டி

அக்குறணை மன்சூர் நானாதான் தொலைபேசியில் சொன்னார். "டீச்சர், மாஸ்டர் மவுத்தாகிட்டார். சுபஹுக்குப் பொறகு, தூக்கத்திலயே." நான் பருப்பு கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் கதிரையில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. இந்த மனிதருக்காக அழ எனக்கு என்ன யோக்கியதை என்றுதான் முதலில் தோன்றியது.

செத்த வீடு முடிந்த நாலாம் நாள் நினைவு மலர்க் குழுவிலிருந்து பேசினார்கள். தில்லையம்பலம் மாஸ்டரோடு ஒரே பாடசாலையில் பதினாறு வருடம் படிப்பித்தவள் என்பதால் இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். அவருடைய எளிமை, கடமையுணர்ச்சி, மாறாத புன்னகை. மாஸ்டர் புன்னகைத்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆசிரியர் அறைக்குள் வந்தால் முதல் வேலையாக மின்விசிறியைத்தான் முறைப்பார், அது ஆடுகிறதாம். பிறகு எங்களை முறைப்பார். அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இந்த மலர் என்கிறீர்கள். தெரிந்தவர்களிடம் புன்னகைக் கதை சொல்லி என்ன பயன்?

ஆகையால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். உங்களில் பாதிப்பேருக்கு இது பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும்.

மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் அடி தெரிய வற்றி, நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாமல் கிடந்த அந்த வருடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கண்டித் தெருக்களில் நடந்தால் கடைக்குக் கடை ஜெனரேட்டர் இரைச்சல்தான். கெலிஓயாவில் எங்கள் வீட்டிலும் ஒன்று வாங்கினோம். என் கணவர் டியூஷன் வகுப்புகளுக்கு வினாத்தாள் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி சவூதியிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதை ஓட்டத்தான் ஜெனரேட்டர். விற்றவர் மன்சூர் நானா, அக்குறணையில் அவருடைய கடையில்; மாஸ்டர் வயரும் உதிரியும் வாங்குவதும் அங்கேதான். விற்கும்போதே, "வயர் கொழுவ முந்தி ஒங்கட மாஸ்டர்ட்ட ஒரு பேச்சு கேட்டுக்கங்க" என்று சொல்லித்தான் ஏற்றி அனுப்பினார்.

என் கணவர் யாரிடம் எதைக் கேட்டார்? இரண்டு பக்கமும் முள் வைத்த ஒரு வயரைச் செய்து, ஒரு நுனியை ஜெனரேட்டரிலும் மறு நுனியைச் சுவர்ப் பிளக்கிலும் செருகினார். வீடு முழுக்க வெளிச்சம். பெருமை தாங்கவில்லை மனிதருக்கு. மறுநாள் ஆசிரியர் அறையில் நான் இதைப் பெரிய சாதனைபோலச் சொன்னேன். மாஸ்டர் கையிலிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு, பாடசாலை விட்டதும் என்னோடு அதே பஸ்ஸில் ஏறிக் கெலிஓயா வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் அந்த வயரைப் பிடுங்கி இரண்டாக வெட்டினார். வீட்டுக்குள் விடுகிற கரண்ட் வீட்டோடு நிற்காதாம். வந்த கம்பியிலேயே திரும்பி ஏறித் தெருவுக்குப் போகுமாம். நான் சமாதானமாக, டீவிக்கு ஒன்றும் ஆகவில்லையே சேர் என்றேன்.

"உங்கட டீவிக்காக நான் ஓடி வரேல்லை, டீச்சர். வெளியிலை கம்பத்திலை ஏறி நிக்கிறவனுக்காக வந்தனான்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். டின்னுக்குள் ஒரு சின்ன ட்ரான்ஸ்போமர், ஒரு ரிலே, தீப்பெட்டி அளவுப் பலகையில் நாலைந்து உதிரிகள். மூடியில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு விளக்குகள். ஜெனரேட்டரைக் கிளப்பினால் முதலில் சிவப்பு எரியும். மூன்று நிமிடம் கழித்து 'டக்' என்று ஒரு சத்தம், பச்சை எரியும், அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் போகும். நடுவில் கரண்ட் கூடினாலோ குறைந்தாலோ தானே வெட்டிவிடும். மூடியில் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்: மூன்று நிமிடம் பொறுக்கவும்.

பாடம் நடத்தாமல் அவரால் போக முடியாது. "எஞ்சினும் எங்களைப் போலதான். எழும்பின உடனை சரியா நடக்காது. மூண்டு நிமிசம் குடுங்கோ" என்றார். எப்போதும் ஒரு நூறு வாட் குண்டு பல்பை அதில் எரியவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்; அது துடித்தால் மற்றதெல்லாம் செத்ததாம். பிரிட்ஜையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துப் போடக் கூடாது. பிரிட்ஜ் மோட்டார் நிற்கிற நேரம் மிஞ்சுகிற கரண்ட் முழுக்க மற்றதன் தலையில் இறங்குமாம். முக்கியமாக ஒன்று: "பெற்றோல் முடியுமட்டும் ஓடவிடாதேங்கோ. சாகப்போற எஞ்சின் குடுக்கிற கரண்ட்தான் சாமானைத் தின்னும்." என் கணவர் தலையை ஆட்டினார். என்ன விளங்கிற்றோ.

அந்த வருடம் மாஸ்டர் முப்பது பெட்டிக்குமேல் செய்தார். எங்கள் ஆசிரியர்களில் பலருடைய வீட்டில் இருந்தது. சிங்கள வீடுகளிலும் இருந்தது. இந்த மலருக்குக் கட்டுரை கொடுத்திருப்பவர்கள் வீட்டில் இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அவருடைய மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தார்கள். கடிதம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஹந்தானைக்குக் கீழே ஒரு வாடகை அறையில் தனியாகத்தான் இருந்தார். பெட்டி செய்கிற நேரம் மட்டும் யோசனை ஓடாது என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். பிளேன்டீ போட்டுக் கொடுத்தேன்.

கொழும்பில் குண்டு வெடித்த கிழமை இங்கேயும் சுற்றிவளைப்பு நடந்தது. மாஸ்டரின் அறையில் அரைகுறையாகச் செய்த இரண்டு பெட்டிகள் இருந்தன. டின், வயர், ஈயம் உருக்கிப் பற்றாசு வைக்கிற கோல், மூடியில் மூன்று மொழியில் மூன்று நிமிடம். யாழ்ப்பாணத்து அடையாள அட்டை வேறு. வேறென்ன வேண்டும்? மூன்று நிமிடத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்று அதிகாரி கேட்டாராம். வேறு யாராக இருந்தாலும், "ஐயோ சேர், இது டீவிக்கு" என்று காலில் விழுந்திருப்பான். இவர் பௌதிகவியல் மாஸ்டர். கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொன்னார்: ரிலே அடிக்கும், கரண்ட் பாயும்.

மாஸ்டரைப் பிடித்துக்கொண்டு போன செய்தி பாடசாலைக்கு வந்தபோது ஆசிரியர் அறையில் ஒருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோருக்கும் ஒரே நினைப்புத்தான்: என் வீட்டிலும் ஒன்று இருக்கிறதே. அன்று அரை நாள் லீவு போட்டு வந்தேன். பெட்டியைக் கழற்றி முற்றத்தில் வைத்து அம்மிக்குழவியால் அடித்தேன். நான்தான் அடித்தேன், என் கணவர் இல்லை. ரிலே சுலபத்தில் உடையவில்லை. வயரை அடுப்பில் போட்டதில் வீடெல்லாம் ரப்பர் புகை. தகரத்தை நசுக்கி வாழைக்குக் கீழே புதைத்தேன். ஹந்தானைத் தோட்ட லயத்தில் பிறந்தவள் நான். எழுபத்தேழில் ஒரு தரம், எண்பத்து மூன்றில் ஒரு தரம், கலவரத்தில் உடுத்த துணியோடு ஓடியிருக்கிறேன். பயம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதைக் காரணமாகக் காட்ட இதை எழுதவில்லை. என்னைவிடப் பயப்பட வேண்டியவர் உள்ளே இருந்தார்.

பயப்படாத ஆள் ஒருவர்தான். மன்சூர் நானா மூன்றாம் நாளே தன் கடையில் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொலிசுக்குப் போனார். பெட்டியைப் பறித்துக்கொண்டு அவரையும் பொழுதுபடும்வரை குந்தவைத்து அனுப்பினார்கள். ஜெனரேட்டரும் வயரும் விற்கிறவனுடைய சாட்சி எடுபடாது என்றாராம் நானா வைத்த வக்கீல். அரசாங்க வேலையில் இருக்கிற ஒருவர், தன் வீட்டில் பொருத்தியிருந்த பெட்டியோடு வந்து, ஓட்டிக் காட்டினால் விட்டுவிடுவார்களாம். நானா நேரே கெலிஓயாவுக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை.

"ஒங்கட ஊட்டுப் பெட்டிய மட்டும் தாங்க, டீச்சர். ஒருக்கா வந்து செல்லுங்க, இது கம்ப்யூட்டருக்குப் பூட்டினதுன்னு. கவர்மெண்ட் டீச்சர் ஒராள் சென்னா கேப்பாங்க."

"எங்க வீட்டுல அப்படி ஒண்ணும் இல்லைங்க நானா" என்றேன்.

பின்முற்றத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் விற்ற ஜெனரேட்டர். உள் அறையில் என் கணவர் வினாத்தாள் அடிக்கிற சத்தம் அவருக்கும் கேட்டது. நானா அந்தச் சத்தம் வந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சரி டீச்சர் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பெட்டி இல்லாவிட்டாலும் என் வாய் இருந்ததே. அதை யாரும் உடைத்துப் புதைக்கவில்லை. அவர் இன்னும் எத்தனை வீட்டுப் படி ஏறினார் என்று உங்களுக்குத் தெரியும். சிங்கள வீட்டுக்காரர்கள் போய்ச் சொல்லியிருந்தால் பொலிஸ் கேட்டிருக்கும் என்று நம்மாட்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். நம்மில் யார் போய் அவர்களிடம் கேட்டோம்?

இரண்டு கிழமை போகவில்லை, என் கணவர் பெற்றோல் முடியுமட்டும் ஓடவிட்டார். எஞ்சின் இருமி, உறுமி, நின்றது. கம்ப்யூட்டரிலிருந்து ஒரு நூல் புகை. அவ்வளவுதான்.

மாஸ்டரைப் பதினொரு மாதம் கழித்து, குற்றம் ஒன்றும் இல்லையென்று விட்டார்கள். வேலை திரும்பக் கிடைக்க இன்னும் மூன்று வருடம். அதுவரை மன்சூர் நானாவின் கடை மூலையில் மேசை போட்டு ரேடியோ, டீவி திருத்தினார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எரிந்த கம்ப்யூட்டரை அவரிடமே தூக்கிக்கொண்டு போனோம். கண்டியில் வேறு யாராலும் முடியவில்லை.

திறந்து பார்த்தார். ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. "பெட்டி இல்லாமல் போட்டிருக்கிறியள்" என்றார்.

"பெட்டி பழுதாப் போச்சுங்க சேர்" என்றேன்.

"பழுதாப் போனா என்னட்டக் கொண்டு வந்திருக்கலாமே."

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு, "ஓம். அப்ப நான் இருக்கேல்லை" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைத் தொடர்ந்தார். பற்றாசுக் கோலை இடது கையால் பிடித்திருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. திருத்திக் கொடுத்தார். இன்னொரு பெட்டி செய்து தருவீர்களா என்று கேட்க என் கணவர் வாயெடுத்தார். நான் அவருடைய காலை மிதித்தேன்.

அதற்குப் பிறகு பாடசாலைக்குத் திரும்பி வந்து, ஓய்வு பெறும்வரை அதே ஆசிரியர் அறையில் என் எதிரே உட்கார்ந்திருந்தார். மின்விசிறியை முறைத்தார். அவரை நாங்கள் எல்லோரும் மிகவும் மரியாதையாக நடத்தினோம். அவ்வளவு மரியாதையைத் தாங்குவது அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

இந்தப் பதினொரு வருடமும் நான் ஒன்றை நம்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அம்மிக்குழவியைத் தூக்கியதால்தான் எங்கள் வீட்டுக்குப் பொலிஸ் வரவில்லை, குடும்பத்தைக் காப்பாற்றியது நான்தான் என்று. செத்த வீட்டில் மன்சூர் நானா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உள்ளே இருந்த காலம் முழுக்க மாஸ்டரிடம் அவர்கள் கேட்டது ஒரே கேள்வியாம்: யாருக்குச் செய்து கொடுத்தாய்? அவர் சொன்னதும் ஒரே பதிலாம்: எனக்குத்தான். விரல்கள் மடங்காமல் போனது அந்தப் பதிலுக்காக. நாலு டீச்சர்மாரின் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பார்களே என்று நானா பிறகு சண்டை பிடித்திருக்கிறார். மாஸ்டர் சொன்னாராம், "சொன்னா அவையளின்ர வீட்டுக்குப் போவாங்கள்."

இதையெல்லாம் இப்போது எழுத வேண்டாம் டீச்சர், மறுபடியும் சுற்றிவளைப்புத் தொடங்கியிருக்கிறது, மலர் பலர் கைக்கும் போகும், புன்னகையைப் பற்றி எழுதுங்கள் என்கிறது குழு. மறுபடியும் தொடங்கியிருப்பதால்தான் எழுதுகிறேன்.

தில்லையம்பலம் மாஸ்டர் செய்த பெட்டி ஒன்று என் வீட்டில் இருந்தது. அது கம்ப்யூட்டர் எரியாமல் இருப்பதற்காகச் செய்தது. அது ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, அவர் அடிக்கும் உதைக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த என் பெயர். அதை இங்கே நானே எழுதுகிறேன்.

மாரிமுத்து பாக்கியலட்சுமி, ஆசிரியை, கெலிஓயா.