மல்லாந்து பார்த்த படம்

தேயிலை மலைகளுக்கு நடுவே டயகமவில் ஆட்டோ ஓட்டும் மதுசூதனனுக்கு வாய் ஓயாது. அவன் வண்டியில் ஏறியவர் இறங்குவதற்குள் ஊர்ப் பேச்சு முழுவதையும் கேட்டுவிடுவார். போன மழைக்காலத்தில் அந்தப் பேச்சு நின்றுபோனது. அவன் மனைவி ரூபிகா கொழுந்து பறிக்கப் போன இடத்தில், மழைத் தண்ணீர் ஓடும் கானில் கால் வழுக்கி விழுந்ததில் முதுகெலும்பில் வெடிப்பு கண்டுவிட்டது.

"மூணு மாசத்துக்கு நிமிந்து படுத்தே கிடக்கணும். தலகாணிகூட வைக்கக் கூடாது" என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள்.

தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான அந்தக் காம்பராவில் அவர்கள் இரண்டு பேர்தான். அவன் ஆட்டோவை எடுக்காவிட்டால் அடுப்பு எரியாது. அவளைத் தனியே விட்டுவிட்டும் போக முடியாது. என்ன செய்வது என்று அவன் திகைத்து நின்ற முதல் நாள் காலையிலேயே பக்கத்துக் காம்பரா வீரம்மா வெந்நீர்ச் சட்டியோடு உள்ளே வந்தாள். கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற அவசரத்திலும் ரூபிகாவின் உடம்பைத் துடைத்து, தலை வாரிவிட்டுப் போனாள். மத்தியானம் வேறொருத்தி ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து ஊட்டினாள். யாரும் யாரையும் கேட்கவில்லை. லயத்துப் பெண்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள்.

"எப்படிக்கா ஒங்களுக்கெல்லாம் நான்..." என்று மதுசூதனன் ஒருநாள் தொடங்கினான்.

"போயி ஆட்டோவ எடு தம்பி, ஆளுங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்று வீரம்மா அவன் வாயை அடைத்துவிட்டாள்.

மற்ற நேரமெல்லாம் ரூபிகாவுக்குக் கண்ணெதிரே இருந்தது கூரைத் தகரம் மட்டுந்தான். ஃபோனை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துப் படம் பார்த்தாள். கை அசந்து, ஃபோன் மூக்கில் விழுந்து ரத்தம் வந்தது. "ஏங்க, இந்தத் தகரத்துல எத்தன ஓட்டைன்னு கேளுங்க, பாக்காமலே சொல்றேன்" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கடைக்கண்ணில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அதைத் துடைத்துவிட்டபோது மதுசூதனனுக்கு ஆட்டோ ஸ்டாண்டில் ஃபோனில் பார்த்த ஒன்று நினைவுக்கு வந்தது. எவனோ ஒருவன் சின்ன எல்.சி.டி. திரையைக் கழற்றி, பின்னால் பலமான விளக்கும் முன்னால் பூதக்கண்ணாடியும் வைத்து, சுவர் நிறையப் படம் காட்டினான். சுவரில் விழுகிற படம் கூரையில் விழாதா?

பழைய வேன்களைப் பிரிக்கும் கராஜில் ஒரு திரை கிடைத்தது. வேனைப் பின்னால் எடுக்கும்போது பார்ப்பதற்காக டிரைவருக்கு முன்னால் மாட்டுகிற, உள்ளங்கையளவு திரை. ஆட்டோ பாட்டரியிலேயே வேலை செய்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்குரூ டிரைவரால் தகரச் சட்டத்தை நெம்பினான். 'டிக்'கென்று ஒரு சத்தம். கண்ணாடியின் மூலையிலிருந்து கறுப்பு மைபோல ஊறிப் பரவிவிட்டது.

"ஒடைஞ்சிருச்சா?" என்றாள் ரூபிகா, திரும்பிப் பார்க்க முடியாமல்.

"ஆமா."

"சரி விடுங்க. வேறொண்ணு தேடுங்க."

அடுத்த நாள் ஹட்டனுக்கு ஓட்டம் கிடைத்தது. பஜாரில் சிப்னாஸின் ஃபோன் கடையில், திருத்துகிற மேசையில் இருப்பவள் அவர் மனைவி றுமைஸா. அவள் மதுசூதனன் சொன்னதையெல்லாம் கேட்டாள். நடுவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவங்களுக்கு இப்ப வலி இருக்கா அண்ணே?"

"ராத்திரியில இருக்கு தங்கச்சி."

அவள் எழுந்து உள்ளே போய், அதே மாதிரித் திரை ஒன்றை எடுத்துவந்தாள். "நெம்பக் கூடாது. பசையத்தான் மொதல்ல இளக்கணும்" என்று தலைமுடி உலர்த்தும் மெஷினால் ஓரங்களைச் சூடு காட்டினாள். நகத்தாலேயே சட்டத்தைப் பிடித்திருந்த கொளுவிகளை ஒவ்வொன்றாக விடுவித்தாள். கண்ணாடியின் பின்னால், கோயில் பிரசாதக் காகிதம்போல மெல்லிய வெள்ளைத் தாள்கள் அடுக்கியிருந்தன. அவற்றை உருவியதும், உள்ளே இருந்த சின்ன விளக்கு வரிசையும் கழன்று வந்தது. கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். அதன் வழியாகத் தெருவே தெரிந்தது.

ஆனால் அதை இயக்கும் பலகை கண்ணாடிக்கு நேர் பின்னால் இருந்தது. பட்டுநாடா போன்ற ஒரு வயர்தான் இரண்டையும் இணைத்தது. பலகை அங்கேயே இருந்தால் வெளிச்சத்தை மறைக்கும். இழுத்தால் நாடா கிழியும். றுமைஸா மூச்சைப் பிடித்துக்கொண்டு பலகையைப் புத்தகத் தாள் புரட்டுவதுபோல மெல்லப் பக்கவாட்டில் மடித்தாள். கரண்ட் கொடுத்ததும் கண்ணாடியில் மங்கலாக நீலம் எழும்பியது. மதுசூதனன் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டான்.

"ஐயோ, என்ன அண்ணே இது!" என்று அவள் கூச்சப்பட்டாள். "சூடு பட்டா இது கறுத்துப் போகும். ஒரு ஃபேன் வைங்க." பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய சின்ன மின்விசிறி ஒன்றையும் சிப்னாஸ் பைக்குள் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருந்தது. மதுசூதனன் ஜன்னலைச் சாக்கால் மறைத்து, தகரத்துக்குக் கீழே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினான். பலமான விளக்கு, திரை, பூதக்கண்ணாடி, ஃபேன் எல்லாவற்றையும் பொருத்திய பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி வைத்து, பழைய டி.வி.டி. பிளேயரை இணைத்தான். துணியில் ஆட்கள் தலைகீழாக நடந்தார்கள்.

"என்னங்க, எல்லாரும் வவ்வாலாட்டம் தொங்குறாங்க!"

அவன் பெட்டியைத் திருப்பி வைத்தான். இப்போது ரூபிகாவின் கண்ணுக்கு நேர் மேலே பச்சை மலை. அவளோடு கொழுந்து பறிக்கிற பெண்கள் வரிசையாக நின்றார்கள். வீரம்மாவின் ஃபோனில் அவன் சொல்லி எடுக்கவைத்து, பென் டிரைவில் ஏற்றிக்கொண்ட வீடியோ. "ரூபி, ஒன் நிரையில இப்ப நான்தான் நிக்கிறேன். சீக்கிரம் வந்து வாங்கிக்க" என்று வீரம்மா கூரையிலிருந்து கத்தினாள். ஒருத்தி ஆடிக் காட்டினாள். மூடுபனி வந்து எல்லாரையும் மறைக்கும்வரை ரூபிகா கண் கொட்டவில்லை.

"இன்னொருக்கா போடுங்க" என்றாள். "இவங்க கையாலதான் நான் இவ்வளவு நாள் தின்னேன். மொகத்த முழுசாப் பாக்கவே இல்ல. குனிஞ்சு குனிஞ்சு நெத்தியும் நாடியுமாத்தான் தெரிஞ்சிச்சு."

சத்தம் கேட்டு லயத்துப் பெண்கள் வந்தார்கள். நிமிர்ந்து பார்த்துக் கழுத்து வலித்ததும், வீரம்மா பாயை விரித்து ரூபிகாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்தாள். மற்றவர்களும் படுத்துக்கொண்டார்கள். கால் வைக்க இடமில்லாமல் மதுசூதனன் வாசற்படியில் நின்றான். உள்ளே சிரிப்பு அடங்கவில்லை. அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் அப்படித்தான் நடந்தது.

தைப்பொங்கலுக்கு முன்பு ரூபிகா இடுப்புப் பட்டியோடு எழுந்து நின்றாள். நடக்கத் தொடங்கியதும் அவள் முதலில் கேட்டது ஹட்டனுக்குப் போகத்தான். கடை வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கி, யாரையும் பிடிக்காமல் மேசைவரை நடந்தாள். றுமைஸா கையிலிருந்த ஃபோனை வைத்துவிட்டு எழுந்தாள்.

"அக்கா, நீங்கதானா?"

ரூபிகா அவள் கைகளை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். திரும்பும் வழியில் மதுசூதனன் டயகமவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தான்.