குடிக்காத மனுசனின் தள்ளாட்டம்

ஆட்டோ ஓட்டுகிற சகோதர சகோதரிகளே, பின்சீட்டில் வாந்தி கழுவாத ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது உங்களுக்கு வாய்த்திருக்கிறதா? நம்ம புதுச்சேரியில் சாராயக்கடை இல்லாத ரூட்டே கிடையாது. தள்ளாடுகிற ஆளைக் கண்டாலே நான் சீட்டில் பழைய சாக்கை விரித்துவிடுவேன். அன்றைக்கும் விரித்தேன்.

ஏணியடியில் தீர்ப்பு

வில்லியனூர் பக்கம் எங்கள் கோயில் திருவிழா. சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்த ஆரோக்கியம் அண்ணன் ஏணியிலிருந்து மல்லாக்க விழுந்துவிட்டார். பின்மண்டை நன்றாகப் புடைத்திருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் சோடாவும் கொடுத்து, தீர்ப்பும் சொல்லி முடித்திருந்தார்கள். போன திருவிழாவில் மாதா முன்னால் சத்தியம் செய்து குடியை விட்டவர் அவர். சத்தியம் போச்சு, குடித்துவிட்டு ஏறித்தான் விழுந்தார் என்று பேச்சு. அவரை என் வண்டியில் ஏற்றிய பந்தல்காரர் சொன்னார்:

“வூட்டுல கொண்டுபோய்ப் படுக்க வையிம்மா, தூங்கி எழுந்தா தெளிஞ்சிடுவான்.”

ஒரே கேள்வி

வண்டி கிளம்பியதும் சீரியல் எரியுதா என்று கேட்டார். எரியுதுண்ணே என்றேன். தெருமுனை திரும்புவதற்குள் அதையே கேட்டார். பிறகும் கேட்டார். அப்புறம் வாந்தி. திட்டுவதற்குத் திரும்பினேன், சாராய வாடையே இல்லை. என் மகள் ஊஞ்சலிலிருந்து விழுந்தபோது டாக்டர் சொல்லியிருந்தார்: தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ, வீட்டில் வைத்துப் பார்க்காதே, உடனே கொண்டு வா என்று.

வழியில்தான் அவர் வீடு. அவர் மனைவி ஸ்டெல்லாக்காவிடம் வாசலிலேயே விஷயத்தைச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றேன். இந்தக் கூத்து எனக்குப் புதுசா, உள்ளே தள்ளிவிட்டுப் போ என்றார். நீங்களே மோந்து பாருங்கக்கா என்றேன். குனிந்து மோந்தவர் முகம் மாறிவிட்டது. அவிழ்ந்த கூந்தலைக்கூட முடியாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

“சோடா வாடை மட்டுந்தான்டி வருது. நீ வண்டிய எடு.”

ரெண்டு கேள்விக்கு ஒரே பதில்

பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வரும்வரை அக்கா என் கையை விடவில்லை, வளையல் பதிந்துவிட்டது. டாக்டர் வந்ததும், உள்ளே ரத்தம் கசியுதா என்று அக்கா கேட்டார். மூளை அதிர்ந்திருக்கிறது, ரத்தக்கசிவு இல்லை, ஒரு ராத்திரி வைத்துப் பார்க்கிறோம் என்றார் டாக்டர். நல்ல ஓய்வு வேண்டும், நாங்கள் சொல்லும்வரை ஏணியும் பைக்கும் கூடாது, தலைவலி கூடினாலோ மறுபடி வாந்தி வந்தாலோ எழுப்ப முடியாதபடி தூங்கினாலோ உடனே வந்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அக்கா கடைசியில் மெதுவாகக் கேட்டார், குடித்திருந்தாரா என்று. டாக்டர் சிரித்தார்.

“இல்லம்மா, துளி கூட இல்ல.”

ஊர்வலம்

மறுநாள் அழைத்து வந்தேன். சத்தம் ஆகாது என்பதால் ஹாரனைத் தொடவில்லை. கோயில் தெருவில் பந்தல்காரர் முதற்கொண்டு தீர்ப்பு சொன்ன அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். வாந்தி கழுவியே பேர் வாங்கின என் ஆட்டோ அன்றைக்குத் தேர் மாதிரிதான் போனது. அண்ணன் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாக்கா என் தோளைத் தட்டினார்.

“கொஞ்சம் மெதுவா ஓட்டுடி, எல்லாரும் நல்லா பாக்கட்டும்.”